பலேர்மோக்காரரின் தலையில் மாட்டிய இங்கிலாந்து

ஆக்களின் தலையில் ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஒரு ஊரை மாட்டிவிட்டு, அவர்கள் இந்த ஊரில் விழுந்து போகாமல் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் நாள் முழுக்க நின்ற காலில் நின்று, முன்பின் தெரியாத சனத்துக்கு "மெல்ல, மெல்ல" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கடையில் நின்றவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள், சாப்பாட்டுக் கடையில் கோப்பை தூக்கினவர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில், முந்திச் சாமான் அடுக்கி வைத்த ஒரு பெரிய மண்டபம். இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டளவில் இங்கிலாந்திலிருந்து அங்கே ஒரு கண்காட்சி வந்தது. ஆங்கிலோ சாக்சன் என்று ஒரு சனம். நோர்மன்காரர் வந்து பிடிப்பதற்கு முன்னம் இங்கிலாந்தை ஆண்டவர்கள். அவர்களின் வீடு, அடுப்பு, நாய், ராசாவின் மண்டபம் எல்லாவற்றையும் வீடியோ கேம் செய்கிற அதே முறையில் கம்ப்யூட்டரில் செய்து ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியைக் கண்ணில் மாட்டினால் நீங்கள் அந்த மண்டபத்துக்குள் நிற்பீர்கள். மேலே பார்த்தால் கூரை, கீழே பார்த்தால் வைக்கோல், திரும்பினால் நாய். கழற்றினால் வெறும் சீமெந்துத் தரையும் நானும்.

துறைமுகத்தில் அந்தப் பெட்டிகளை இறக்கினது என் மனுசன். இறக்கினவர் சும்மா வரவில்லை, "ஆள் தேவையோ?" என்று கேட்டுவிட்டு வந்தார். அப்படித்தான் நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா

அதற்கு முதல் நான் லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில், வசதியான ஒரு வீட்டில், வயதான ஒரு இத்தாலிய அம்மாவை, சின்யோராவை, பார்க்கிற வேலையில் இருந்தேன். இரவும் பகலும் அங்கேயேதான் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் பின்னேரமும் மட்டும் லீவு. மனுசனுக்கு விடியப்புற வேலை என்றபடியால் மகள் ஆரணியை அவரின் அக்கா, ராணி மச்சாள்தான் துறைமுகத்துக்குப் பக்கத்துப் போர்கோ வெக்கியோவில் தன்னோடு வைத்திருந்தா. மச்சாள் நல்லவ. பிள்ளைக்கு வேளைக்குச் சோறு, தலைக்கு எண்ணெய், மாதா கோயில், செபம், ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. குறை என்றால் அது நான் அங்கே இல்லாததுதான்.

ஒரு ஞாயிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் போனேன். அவளோடு பாலர் பள்ளிக்குப் போகிற ஒரு சின்னப் பெட்டை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் மகளுக்குச் சந்தோசம். என்னை முன்னால் இழுத்து விட்டு, அந்தப் பிள்ளைக்கு இத்தாலியனில் வடிவாக விளங்கப்படுத்தினாள்: "இது என்ர ஞாயிற்றுக்கிழமை அம்மா."

தலை

கண்காட்சியின் பொறுப்பாளர் சின்யோரா லொரெதானா. கட்டையான, சரியான வேகமான மனுசி. முதல் நாள் என் தலையிலேயே ஒரு தரம் மாட்டி, உள்ளே எது எங்கே என்றும் காட்டினா, செய்கிற விதத்தையும் சொல்லித் தந்தா. ஆளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பெட்டியைக் கண்ணுக்கு நேரே வைக்க வேண்டும். பட்டியைப் பின்தலைக்கு இழுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற திருகாணியைத் திருக வேண்டும். பிறகு ஆள் நடக்கும்போது பின்னாலே தொங்குகிற வயரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கோயில் கலியாணத்தில் பொம்பிளையின் நீள நெற் முக்காட்டைத் தூக்கிக்கொண்டு போகிற சின்னப் பிள்ளை மாதிரி.

வயர் எனக்குப் பிரச்சினை இல்லை. தலைதான் பிரச்சினை. நான் வளர்ந்த இடத்தில் வயதுக்கு மூத்த ஆம்பிளையின் தலையில் போய்க் கை வைக்க மாட்டோம். கை வைக்கிறதென்றால் ஆசீர்வதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மொட்டை அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நான் ஆள் இல்லை. முதலாவதாக வந்தவர் நரைத்த தலையை எண்ணெய் வைத்து வாரின ஒரு பென்சன்காரர். எனக்குக் கை எழும்பவில்லை. வெற்றிலைத் தட்டம் நீட்டுகிற மாதிரிப் பெட்டியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். மனுசன் பாவம், மரியாதைக்கு வாங்கித் தானே மாட்டினார். தலைகீழாக, கண்ணாடியை மூடியிருக்கிற உறையும் கழற்றாமல். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அங்கையும் இஞ்சையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், கனநேரம், நல்ல பொறுமையாக. கடைசியில் கேட்டார்: "பிள்ளை, இங்கிலாந்திலை அந்தக் காலத்திலையும் இப்பிடித்தான் ஒரே பனிப்புகாரோ?"

கருகுது

அன்றைக்குப் பின்னேரம் லொரெதானா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டா. "நீர் நல்ல பிள்ளை. ஆனால் சனம் உள்ளுக்குள்ளை தடுமாறும். வாயாலை சொல்லி நடத்த ஆள் வேணும். இந்தக் கிழமை முடியுமட்டும் பாக்கிறன்" என்றா. இந்த வேலை பின்னேரம் முடிகிற வேலை. இது போனால் திரும்பவும் லிபெர்த்தா, திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை அம்மா. இத்தாலியன் எனக்கு விளங்கும். ஆனால் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க "சீ சின்யோரா", ஓம் அம்மா, என்ற இரண்டு சொல்லுக்கு மேலே நான் கதைக்கவில்லை. பள்ளிக்கூடமும் எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. பிறகு சண்டையும் ஓட்டமும். ஆள் என் முகத்தைப் பார்த்தால் போதும், வந்த சொல்லும் திரும்பி உள்ளே போய்விடும்.

அடுத்த நாள் போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்கிற ஒரு மனுசி வந்தா. பெரிய உடம்பு, பெரிய குரல். பெட்டியை மாட்டி ராசாவின் மண்டபத்துக்குள் விட்டேன். நடுவில் நெருப்பு, நெருப்புக்கு மேலே கம்பியில் குத்தின முழுப் பன்றி. மனுசிக்கு ராசாவும் தெரியவில்லை, சுவரில் தொங்கின கேடயமும் தெரியவில்லை. "கருகுது! அடியிலை கருகுது! ஆராவது திருப்புங்கோ!" என்று கத்திக்கொண்டு கையை நீட்டி நெருப்புப் பக்கம் நடக்கத் தொடங்கினா. நெருப்பு இருந்த இடத்தில் உண்மையில் இருந்தது இரும்புத் தூண். நான் ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்தேன். என்னை அறியாமல் வாயில் வந்தது: "திருப்பியாச்சு சின்யோரா! நான் திருப்பிப் போட்டன்! நீங்கள் இஞ்சாலை வாங்கோ, இந்தப் பக்கம் வாங்கிலிலை இருங்கோ!"

அவ உடனே அடங்கிப் போய், மண்டபத்தில் உண்மையாகவே போட்டிருந்த நீள மரப்பலகையில் இருந்தா. நான் மேலே மேலே சொல்லிக்கொண்டு போனேன். இடப்பக்கம் பாருங்கோ, அந்தப் பொம்பிளை நெய்கிறா. மேலே பாருங்கோ, கூரையில் புகை போக ஓட்டை. எனக்கே ஆச்சரியம். பிறகுதான் விளங்கியது: இவவுக்கு என் முகம் தெரியவில்லை. கண் கட்டின ஆளுக்கு முன்னால் எனக்கு வெட்கம் இல்லை! பெட்டியைக் கழற்றின பிறகு அவ வேர்வையைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னா: "அந்த மண்டபத்திலை இவ்வளவு தடிமாடுகள் குந்தியிருக்குதுகள், கடைசியிலை இறைச்சியைத் திருப்ப வெளியிலை இருந்து நீதானே வரவேண்டிக் கிடந்தது."

சனிக்கிழமை

கிழமை முடிகிற நாள். மண்டபத்தைப் பூட்டப் போகிற நேரம் லொரெதானா நடுவில் வந்து நின்று, "எனக்கு மாட்டும்" என்றா. சோதனை என்று தெரிந்தது. அவவின் சுருட்டை முடிக்குள் பட்டி சிக்கி, எடுத்து, திரும்ப இழுத்து, ஒருமாதிரி மாட்டினேன். கண் மூடுபட்டதும் என் வாய் திறந்தது. "வாசல்படி உயரம் சின்யோரா, ஆனால் காலைத் தூக்காதேங்கோ, இஞ்சை தரை சமன்" என்றேன். "நாய் குரைக்கும், பயப்பிடாதேங்கோ, கடிக்கிற மாதிரிச் செய்ய இந்தக் கேமைச் செய்த ஆக்களுக்கு நேரம் காணேல்லையாம்" என்றேன். பெட்டிக்குக் கீழே அவவின் வாய் சிரிக்கிறதைக் கண்டேன்.

பிறகு அவ பெட்டியோடேயே, நெருப்பைப் பார்த்தபடி கேட்டா: "இவ்வளவு கதைக்கிறீர். பிறகேன் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள் சின்யோரா" என்றேன்.

எனக்குள் லிபெர்த்தா வீட்டுப் படிக்கட்டு ஏறி இறங்கியது. அவ பெட்டியைத் தானே கழற்றி, என்னைப் பார்க்காமல், வயரைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "சரி, இனி நான் பாக்கேல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வாரும்."

எல்லாரும் ஒற்றர்

பீற்றர் என்று ஒரு இங்கிலாந்துக்காரர் எங்களோடு இருந்தார். இந்தக் கேமைச் செய்தவர்களில் ஒருவர். நாற்பது வயது இருக்கும், வெயில் பட்டால் காது சிவக்கும். நடுவில் அவர் புதிதாக ஒன்று சேர்த்தார். மண்டபத்து ராசா உங்களைப் பார்த்து இத்தாலியனில் கேள்வி கேட்பார். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஓம், பக்கத்துக்குப் பக்கம் ஆட்டினால் இல்லை. பெட்டி தலையின் ஆட்டத்தை வைத்து விளங்கிக்கொள்ளும். முதல் கேள்வி, "எங்களோடை இருந்து சாப்பிடுறியோ?" இரண்டாவது கேள்வி, "நீ எதிரியின்ரை ஒற்றனோ?"

அன்று காலை வந்த பலேர்மோக்காரர் அவ்வளவு பேரையும் காவற்காரர் பிடித்துக்கொண்டு போய் இருட்டுக்குள் தள்ளினார்கள். கேம் அதோடு முடிந்தது. சனம் கொதித்தது. "நான் என்ன செய்தனான்? எனக்கு ஏன் இது?" பீற்றர் காது சிவக்கக் கம்ப்யூட்டரைத் தட்டினார், பிழை இல்லை. "ஏன் இந்த ஊரிலை எல்லாரும் தங்களை ஒற்றர் எண்டு ஒத்துக்கொள்ளினம்?" என்று லொரெதானாவிடம் கேட்டார். அவவுக்கும் விளங்கவில்லை. தானே மாட்டிக்கொண்டு நின்றா. ராசா ஒற்றனோ என்று கேட்டார். லொரெதானா தலையோடு நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு "ச்" போட்டா. சிசிலிக்காரர் இல்லை என்று சொல்வது அப்படித்தான், தலையை ஆட்ட மாட்டார்கள், நாடியை மேலே எறிவார்கள். பெட்டி அதை மேலும் கீழும் என்று எடுத்துக்கொண்டது. காவற்காரர் பொறுப்பாளரையே பிடித்துத் தள்ளினார்கள்.

பீற்றர் நாலைந்து நாள் இருந்து அதைத் திருத்தினார். திருத்தினது சரியோ என்று பார்க்க என்னையும் மாட்டச் சொன்னார். ராசா சாப்பிடக் கூப்பிட்டார். நான் எங்கள் வழக்கத்துக்கு ஓம் என்று தலையை இரண்டு தோளுக்கும் சரித்துச் சரித்து ஆட்டினேன். ராசா திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் ஆட்டினேன். ராசா கேட்டுக்கொண்டே நின்றார், நான் ஆட்டிக்கொண்டே நின்றேன், பன்றி ஆறியிருக்கும். பீற்றர் வந்து பெட்டியை மெதுவாகக் கழற்றினார். "தயவுசெய்து உம்மடை ஆக்கள் ஒருத்தரையும் இந்தக் கிழமை கூட்டிக்கொண்டு வராதேயும்."

வடிவான கோயில்கள்

கேமின் கடைசியில் கடலில் கப்பல்கள் தெரியும். நோர்மன்காரர் வருகிறார்கள். இங்கிலாந்தில் இதைப் பார்த்து அழுத ஆட்களும் உண்டு என்று பீற்றர் சொல்லியிருக்கிறார். பலேர்மோவில் அது நடக்கவில்லை, நோர்மன்காரரின் சொந்தக்காரர்தானே அதே காலத்தில் சிசிலியையும் பிடித்து ஆண்டவர்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு எடுத்த ஒரு சின்யோர், கப்பலைக் கண்டதும் கையைத் தட்டி, "வாங்கோ! எங்கடை ஆக்கள்! வாங்கோ!" என்று எழும்பிவிட்டார். வயரோடு என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார். கழற்றின பிறகு பீற்றர் அருகில் நிற்பதைக் கண்டு மனுசனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தோளில் கை போட்டுச் சமாதானம் சொன்னார்: "கவலைப்படாதேங்கோ. உங்கடை வீட்டை எரிச்சவையின்ரை சொந்தக்காரர்தான், ஆனால் இஞ்சை வந்து எவ்வளவு வடிவான கோயிலெல்லாம் கட்டினவை தெரியுமோ!"

சப்பாத்து

பீற்றர் கேட்டுக்கொண்ட கிழமை முடிந்ததும் ராணி மச்சாள் தன் பங்குக் கோயிலில் இருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தா. மன்னார்ப் பக்கத்து அக்காமார், பூசை முடிந்து அதே உடுப்போடு. எனக்கு வெட்கம் திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் எல்லாரும் என்னை எங்கள் ஊர்க் கண்ணால் பார்த்தார்கள். பெட்டியை மாட்டும்வரைக்கும்தான். மாட்டினதும் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அந்த மண்டபத்தில் ஆரும் தமிழில் கதைத்தது அன்றைக்குத்தான் முதல் தரமாக இருக்கும்.

மச்சாள் நல்லாக நடந்து போய் ராசாவின் வாசலில் நின்றா. நின்று, குனிந்து, சப்பாத்தைக் கழற்றினா. உண்மைச் சப்பாத்தை. கழற்றிச் சோடியாக ஒரு பக்கம் வைத்துவிட்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தா. பின்னால் வந்த அக்காமாரும் ஒருவர் பின் ஒருவராக அதே இடத்துக்கு வந்ததும் குனிந்து குனிந்து கழற்றினார்கள். ஒருவர் செய்கிறது மற்றவருக்குத் தெரியாது, எல்லாரின் கண்ணும் பெட்டிக்குள். வெறும் சீமெந்துத் தரையின் நடுவில், கதவும் இல்லை, சுவரும் இல்லை, வரிசையாகச் சப்பாத்துகள். அக்காமார் போன பிறகு நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மச்சாளிடம் கேட்டேன், வெள்ளைக்காரர் ஒருத்தரும் கழற்றவில்லையே என்று. மச்சாள் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தா.

"அவை போகட்டும் பிள்ளை. ராசா எண்டாலென்ன, ஆரெண்டாலென்ன, ஒராளின்ரை வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை போக எனக்குக் கால் வராது."

தலையணை உறை

பின்னேரம் ஆறு மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று நினைக்கிறேன். மச்சாள் வீட்டில் இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, முகம் கழுவி, அரிசி போட்டுவிட்டு, அவளோடு நிலத்தில் இருப்பேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பெட்டி மாட்டக்கூடாது, கண்ணுக்குக் கூடாது என்று சட்டம். மகளுக்கு அது சரியான கவலை. அதனால் தலையணை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு, "அம்மா, இண்டைக்கு எங்கை?" என்று கேட்பாள். நான் சொல்லுவேன். இப்ப நீ ராசா வீட்டு வாசலில் நிற்கிறாய். பன்றிக்குட்டி காலுக்குள் ஓடுது. நெருப்பு சூடு, தள்ளி வா.

அவளுக்கு ராசாவை விடப் பன்றிக்குட்டிதான் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் குட்டி நான் கண்டுபிடிக்க வேண்டும். மனுசன் மூலையில் படுத்திருந்து, "இவையின்ரை பண்ணை வரவரப் பெருக்குது" என்பார். ஒரு நாள் கதை முடிந்தும் அவள் உறையைக் கழற்றவில்லை. சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டேன். உறைக்குள் இருந்துகொண்டே கேட்டாள்: "அம்மா, இதைக் கழட்டினாலும் நீங்கள் இருப்பியள்தானே?"

முகம்

மாரி முடியக் கண்காட்சி ஜெனோவாவுக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். லொரெதானாவும் அதோடு போகிறா. கையில் வேலை இல்லாமல் ஒரு குடும்பம் இந்த ஊரில் எவ்வளவு நாள் இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனுசனின் வேலை கப்பல் வந்தால்தான் வேலை. நான் ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்துக்கொண்டே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒட்டியிருக்கிற கண்மை, பவுடர், தலை எண்ணெய், சனத்தின் வாசம்.

கடைசிக் கிழமையில் சின்யோரா ஜூலியானா வந்தா. லிபெர்த்தாவில் நான் பார்த்த அந்த வயதான சின்யோராவின் மகள். என்னைக் கண்டு கன்னத்தில் முத்தம் தந்தா. நான் மாட்டிவிட்டேன், உள்ளே நடத்தினேன். ராசாவின் மண்டபத்தில் வாங்கிலில் இருந்தபடி அவ தொடங்கினா: "நீர் போனபிறகு ரெண்டு பேரை வைச்சுப் பாத்தம், அம்மாவுக்குச் சரிவரேல்லை. உம்மைத்தான் கேக்கிறா. இது பூட்டப் போகுதாமே? திரும்பி வாரும். முந்தின மாதிரியே அறையும் தாறம்."

அவ கண் கட்டியிருந்தா. எனக்கு லேசாக இருந்தது. "முந்தின மாதிரி வரேலாது சின்யோரா" என்றேன். "பகலிலை வாறன். காலமை வந்து அவவைக் குளிப்பாட்டிச் சாப்பாடு குடுத்துப் பின்னேரம் வரைக்கும் நிப்பன். இரவு நிக்கமாட்டன்."

அவ டக்கென்று பெட்டியைப் பிடித்துக் கழற்றினா. முடி எல்லாம் கலைந்து, பெட்டியின் அச்சு முகத்தில் பதிந்திருக்க, என்னை நேரே பார்த்தா. "என்ன சொன்னனீர்?"

பெட்டி அவவின் மடியில் கிடந்தது. திருப்பி மாட்டுங்கோ என்று சொல்லவா முடியும்? வந்த சொல் திரும்பி உள்ளே போகப் பார்த்தது. நான் அவவின் முகத்தில் இருந்த அச்சையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் முதலில் இருந்து சொன்னேன். கடைசியில் முதல் தரம் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: "என்ர பிள்ளை இரவிலை என்னோடைதான் படுக்கும்."

அவ பெட்டியின் பட்டியை ஒரு பக்கம் இழுத்தா, மற்றப் பக்கம் இழுத்தா. பக்கத்தில் ஆரோ நாய்க்குப் பயந்து கத்தினார்கள். நான் போகாமல் நின்றேன்.

"அம்மாவும் இதைத்தான் சொன்னவ" என்றா ஜூலியானா. "இவ்வளவு காலம் எங்கடை வீட்டிலை இருந்தவள், அவளுக்கொரு பிள்ளை இருக்கோ எண்டு நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு ஏசினவ. திங்கக்கிழமை காலமை வாரும், பின்னேரம் போம்."

கட்டின நாள்

கடைசி நாள் எல்லாப் பெட்டியையும் துடைத்து, பஞ்சு வைத்து, மரப்பெட்டிக்குள் அடுக்கினோம். இறக்கின அதே கையால் ஏற்ற என் மனுசனும் வந்திருந்தார். கதவைத் திறந்து விட்டதும் கடல் காற்று உள்ளே வந்து வெறும் மண்டபத்தில் சுற்றியது. இந்த இடத்தில் நெருப்பு, இந்த இடத்தில் வாசல் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பீற்றர் கை தந்தார். லொரெதானா கட்டிப் பிடித்தா, அப்போதும் என்னைப் பார்க்காமல், கப்பலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னா: "ஜெனோவாவிலை ஒரு வாயாடியைத் தேடோணும் இனி."

இப்பவும் துறைமுகப் பக்கம் போகிற நேரம் அந்தப் பூட்டின மண்டபத்தைக் கண்டால் கொஞ்சம் நின்றுதான் போவேன். ஆங்கிலோ சாக்சன் சனத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் அவர்களுடைய ராசா வீட்டுக்குப் பாதி பலேர்மோவை அனுப்பிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் அரிசி போட்டவள் நான் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புகிறார்களில்லை.